கீபோர்டில் டீ கொட்டினால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கீபோர்டில் எது கொட்டினாலும், எத்தனை விசை கெட்டிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் கோளாறு அந்த விசைக்குள் இருக்கிறது. நாலைந்து ஒரு கொத்தாகப் போயிருந்தால் உள்ளே ஓடும் தடத்தில் இருக்கிறது. மொத்தமும் போயிருந்தால் கேபிளையோ கன்ட்ரோலர் போர்டையோ (விசை அழுத்தத்தைக் கணினிக்குச் சொல்லும் சின்ன சர்க்யூட் பலகை) சந்தேகப்பட வேண்டும். கீழே உள்ள பிரிவுகள் இந்தக் கணக்கில்தான் போகின்றன. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். கொட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால் மட்டும் முதல் பகுதியைத் தாண்டாதீர்கள்.

## இப்போதுதான் கொட்டியது

தனி கீபோர்டு என்றால் யுஎஸ்பி கேபிளைப் பிடுங்குங்கள். வயர்லெஸ் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். அப்படியே கவிழ்த்து, நாலு தட்டு தட்டி, விசைப் பக்கம் கீழே இருக்கும்படி பழைய துண்டின் மேல் வையுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று திரும்பச் சொருகிப் பார்ப்பதுதான் பாதி கீபோர்டுகளைக் கொல்கிறது. ஈரம் மட்டும் இருந்தால் காய்ந்துவிடும். ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே உள்ள செம்பும் வெள்ளியும் வேகமாக அரிக்கப்படும்.

லேப்டாப் என்றால் அவசரம் இன்னும் அதிகம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். ஷட் டவுன் கொடுத்து அது சுற்றி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். திரையை விரித்து, கீபோர்டு தரையைப் பார்க்கும்படி கூடாரம் மாதிரி கவிழ்த்து நிறுத்துங்கள். வெளியே கழற்றும் பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். உள்ளேயே இருக்கும் பேட்டரி என்றால் அடி மூடியைத் திறந்து அதன் கனெக்டரை எடுக்க வேண்டும். அணைத்த லேப்டாப்பிலும் போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திறந்து பழக்கமில்லை என்றால் அன்றைக்கே சர்வீஸ் கடைக்குப் போய்விடுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். விபத்துச் சேதத்துக்கும் சேர்த்து வாரண்டி வாங்கியிருந்தால் நீங்களாகத் திறக்காமல் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். சாதாரண வாரண்டி திரவம் கொட்டியதற்குப் பொருந்தாது.

அரிசி டப்பாவில் புதைத்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. அரிசித் தூள் விசை இடுக்கில் போய் உட்காருவதுதான் மிச்சம். ஹேர் டிரையரும் வேண்டாம். மேலே கிடக்கும் திரவத்தை அது உள்ளே தள்ளும், மெல்லிய பிளாஸ்டிக்கை வளைத்தும் விடும். மின்விசிறிக்குக் கீழே நிழலில் 48 மணி நேரம் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

கொட்டியது வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் இத்தோடு வேலை முடிந்தது. பால், சர்க்கரை, உப்பு இருந்தால் காய்ந்ததும் பிரச்சினை ஆரம்பிக்கும். மோர், இளநீர், சாம்பார் மூன்றும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை. இவற்றில் எது கொட்டினாலும், இப்போது எல்லா விசையும் வேலை செய்தாலும், திறந்து கழுவியே ஆக வேண்டும்.

## கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கடையில் ஐபிஏ என்று கேளுங்கள். 99 சதவீதம் என்று போட்டதாக வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவிலும், மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் இருப்பதால் பிசுபிசுப்பு தங்கும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியாத, ஜன்னல் திறந்த அறையில் வேலை செய்யுங்கள்.

அடுத்து டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அதேதான். சீல் பிரிக்காத புட்டியாக வாங்குங்கள், ஆசிட் கேனை எடுத்துவிடாதீர்கள். இது எதற்கு என்றால், ஐபிஏ சர்க்கரையைக் கரைக்காது. "ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், சரியாகவில்லை" என்று வருகிற கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் காரணம் இதுதான். சர்க்கரையையும் பாலையும் தண்ணீரால் கரைத்து எடுக்க வேண்டும், பிறகு அந்தத் தண்ணீரை விரட்டத்தான் ஐபிஏ. இந்த வரிசை மாறக் கூடாது.

இவை தவிர மருந்துக் கடையில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று, இயர்பட்ஸ், மென்மையான பழைய டூத்பிரஷ், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். லேப்டாப்புக்கு மொபைல் ஸ்க்ரூடிரைவர் செட். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

## சோதிக்கும் முறை

விண்டோஸில் திரைக் கீபோர்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விசையாக அழுத்துங்கள். வேலை செய்யும் விசை திரையில் மின்னும். மவுஸாலேயே அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் இதைத் திறக்கலாம். கடவுச்சொல்லில் உள்ள எழுத்தே போய்விட்டது என்றால், லாகின் திரையின் வலது மூலையில் உள்ள அணுகல்தன்மைச் சின்னத்தைச் சொடுக்கி, திரைக் கீபோர்டில் தட்டி உள்ளே போகலாம்.

தமிழில் தட்டிச் சோதிக்காதீர்கள், ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழ் 99 விசைப்பலகை முறையில் ஒரே மெய் இரண்டு முறை விழுந்தால் மென்பொருளே முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்துவிடும். ம எழுத்துக்கான கே விசை முதல் தட்டில் இரட்டித்தால் "மரம்" என்பது "ம்மரம்" ஆகும். ஒலிபெயர்ப்பு முறையில் ஏ விசை முதல் தட்டில் இரட்டித்தால் "மரம்", "மாரம்" ஆகிவிடும். மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று அதை அழித்து மறுபடி நிறுவி நேரத்தைத் தொலைப்பவர்கள் உண்டு.

கொட்டியதற்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களையும் இப்போதே தள்ளிவிடுங்கள். ஜே, கே, எல் தட்டினால் 1, 2, 3 விழுகிறது என்றால் நம்பர் லாக் ஆன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். எந்த விசையும் ஒரு நொடி அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது என்றால், துடைக்கும்போது வலது ஷிப்டை எட்டு விநாடி அழுத்தி ஃபில்டர் கீஸ் வசதியை நீங்களே போட்டிருப்பீர்கள்.

## அறிகுறி 1: விசை ஒட்டுகிறது, மெதுவாக எழும்புகிறது

எழுத்து விழுகிறது, ஆனால் விசை பிசுக்கென்று இறங்கி மெல்ல எழும்புகிறது. மின்பகுதி நன்றாகத்தான் இருக்கிறது, வழியில் சர்க்கரை உட்கார்ந்திருக்கிறது. சரிசெய்ய எளிதானது இதுதான்.

சாதாரண டெஸ்க்டாப் கீபோர்டில் முதலில் முழுக் கீபோர்டையும் படம் எடுத்துக்கொண்டு, கீகேப்பை (விசையின் மேல்மூடியை) நேர் மேலாக இழுத்து எடுங்கள். அடியில் உள்ள தண்டும் அது இறங்கும் குழியும்தான் துடைக்க வேண்டிய இடங்கள். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த இயர்பட்ஸால் இரண்டு முறை, பிறகு ஐபிஏ தொட்ட இயர்பட்ஸால் ஒரு முறை. கழற்றிய கீகேப்களைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு அரை மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். உள்பள்ளத்தில் தண்ணீர் தங்கும் என்பதால் குப்புற வைத்து இரவு முழுக்கக் காய விடுங்கள். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதன் பக்கம் ஐபிஏ போகக் கூடாது, பசை கரைந்து எழுத்து கையோடு வந்துவிடும்.

ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் மாதிரி நீள விசைகளின் அடியில் ஒரு கம்பி இருக்கும். கேப்பை வலிந்து இழுத்தால் அந்தக் கம்பி மாட்டும் கொக்கி உடையும். ஒரு ஓரமாக நெம்பி, கம்பியை விடுவித்த பிறகே எடுங்கள். திரும்ப மாட்டும்போது கம்பியில் கடுகளவு சிலிகான் கிரீஸ் வைக்கலாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டாம். தூசியை இழுத்துச் சேர்த்து ஒரு மாதத்தில் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

லேப்டாப் விசைக்குப் பொறுமை வேண்டும். கேப்புக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மாட்டிய இரண்டு வெள்ளைச் சட்டங்கள், நடுவில் ரப்பர் கிண்ணம். எந்தப் பக்கம் வழுக்கும் கொக்கி, எந்தப் பக்கம் பிடிக்கும் கொக்கி என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே அடிக்கடி தேவைப்படாத ஒரு விசையில், எஃப் 9 போல, நகத்தால் மெல்லத் தூக்கிப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். டக்கென்று விட்டுக்கொடுக்கும் மூலைதான் சரியான மூலை. விட்டுக்கொடுக்காத மூலையை நெம்பினால் சட்டத்தின் மெல்லிய காது முறியும். அது தனியாகக் கிடைப்பது கஷ்டம். சட்டத்தையும் ரப்பர் கிண்ணத்தின் விளிம்பையும் ஈர இயர்பட்ஸால் துடைத்து, காய்ந்ததும் சட்டத்தை முதலில் அடியில் மாட்டி, கேப்பை மேலே வைத்து அழுத்துங்கள். இரண்டு பக்கமும் டிக் டிக் என்று சத்தம் வர வேண்டும். கிண்ணம் பெயர்ந்து வந்துவிட்டால் ஃபெவிகுவிக் போடாதீர்கள். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படியும், ரப்பரும் விறைத்துவிடும்.

மேக்புக்கில் 2015 முதல் 2019 வரை வந்த பட்டர்ஃபிளை வகை விசைகளை வீட்டில் கழற்ற வேண்டாம். உடையாமல் வந்தால் அதிர்ஷ்டம்.

## அறிகுறி 2: ஒரு விசை மட்டும் விழவே இல்லை

மெம்பரேன் வகையில் (ரப்பர் கிண்ணங்களுக்கு அடியில் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் ஷீட்டுகள் இருக்கும் சாதாரண கீபோர்டு) ரப்பர் கிண்ணம் நகர்ந்திருக்கலாம், அல்லது அந்த இடத்தில் இரண்டு ஷீட்டுகளுக்கு நடுவே காய்ந்த படலம் தடுக்கிறது. கீகேப்பை எடுத்துவிட்டு இயர்பட்ஸின் பின்முனையால் கிண்ணத்தின் நடுவில் நேராக அழுத்துங்கள். எழுத்து விழுந்தால் கேப்பிலோ தண்டிலோதான் கோளாறு. விழாவிட்டால் அறிகுறி 4ல் சொல்லியபடி பிரிக்க வேண்டும்.

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். கேபிளைப் பிடுங்கி, கேப்பை எடுத்து, ஸ்விட்சின் தண்டை அழுத்திப் பிடித்து, ஓர இடுக்கில் சிரிஞ்சால் இரண்டு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். முப்பது நாற்பது முறை அழுத்தி எடுத்து, கீபோர்டைக் கவிழ்த்து உதறுங்கள். அதே மாதிரி ஐபிஏ இரண்டு முறை. மூன்று மணி நேரம் காய்ந்தபின் சோதியுங்கள். ஒரு தடவையில் சரியாகாமல் மூன்றாவது தடவையில் உயிர் பெற்றவை நிறைய உண்டு.

அப்படியும் வராவிட்டால், ஹாட்ஸ்வாப் வகையில் (சால்டர் இல்லாமல் ஸ்விட்சைக் கழற்றி மாட்டும் வகை) ஸ்விட்சைப் பிடுங்கி, ஸ்க்ரோல் லாக் மாதிரி யாரும் தொடாத விசையின் ஸ்விட்சோடு இடம் மாற்றிப் பாருங்கள். சால்டர் செய்த வகை என்றால் பின்பக்கம் திறந்து, கேபிளைச் சொருகி, அந்த ஸ்விட்சின் இரண்டு கால்களை மட்டும் ட்வீசரால் ஒரு நொடி இணையுங்கள். எழுத்து விழுந்தால் ஸ்விட்ச் போய்விட்டது, சால்டரிங் தெரிந்தவரிடம் புது ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். விழாவிட்டால் பக்கத்தில் உள்ள டயோடோ அதற்குப் போகும் தடமோ அரித்திருக்கிறது. பச்சைப் படிவு கண்ணுக்கே தெரியும்.

## அறிகுறி 3: ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று எழுத்து

மெக்கானிக்கலில்தான் அதிகம். உள்ளே உள்ள உலோக இலை அழுக்கில் தொட்டுத் தொட்டு விலகுகிறது. மேலே சொன்ன தண்ணீர், ஐபிஏ வைத்தியம்தான் இதற்கும். கீபோர்டின் மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தைக் (ஒரு தட்டுக்குப் பின் அதே விசையின் அடுத்த தட்டை ஏற்காமல் காத்திருக்கும் நேரம்) கூட்டும் வசதி இருந்தால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். அதை நிரந்தரமாக நம்பி விட்டுவைத்தால் அரிப்பு உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

## அறிகுறி 4: நாலைந்து விசைகள் கொத்தாகச் செத்துவிட்டன

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி தெரியும். ஆனால் அவை எல்லாம் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்பவை. பல மாடல்களில் 1, கியூ, ஏ, இசட் என்று சாய்வாகப் போகும். மெம்பரேன் கீபோர்டில் டீ கொட்டினால் மிக அதிகமாக வருவது இதுதான், இதற்குத் திறக்காமல் வழியில்லை.

விசைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, பின்னால் உள்ள திருகுகளை எல்லாம் எடுங்கள். மூடி வர மறுத்தால் பலம் போடாதீர்கள். லேபிளுக்கு அடியிலோ ரப்பர் காலுக்கு அடியிலோ ஒரு திருகு ஒளிந்திருக்கும். லேபிளை விரலால் தடவிப் பார்த்தால் பள்ளம் தெரியும். திறந்ததும் ஒரு மூலையில் சின்னப் போர்டும், அதை மெம்பரேன் ஷீட்டின் வால் மேல் அழுத்திப் பிடிக்கும் பட்டையும் இருக்கும். முதலில் இந்த இடத்தைப் பாருங்கள். பட்டையை எடுத்து, போர்டின் விரல் போன்ற தொடுமுனைகளை ஐபிஏ தொட்ட துணியால் துடைத்து, திருகுகளைச் சமமாக இறுக்கி மாட்டுங்கள். கொத்தாகச் செத்தவற்றில் பல இந்த ஒரு துடைப்பிலேயே எழுந்துவிடும்.

எழாவிட்டால் ஷீட்டுகளுக்குப் போக வேண்டும். மேலே கீழே கோடுகள் அச்சிட்ட இரண்டு ஷீட், நடுவில் ஓட்டை போட்ட ஒன்று. மூன்றும் பெரும்பாலும் ஆங்காங்கே சூட்டில் ஒட்டப்பட்டிருக்கும். பிரித்துக் கிழிக்காதீர்கள். ஒட்டாத ஓரத்தைச் சற்றே தூக்கி, சிரிஞ்சால் உள்ளே 2 மில்லி டிஸ்டில்டு வாட்டர் விட்டு, விரலால் மெல்ல நீவி, சாய்த்து வடியுங்கள். பழுப்பு நிறம் நிற்கும்வரை இதைச் செய்து, கடைசியில் ஐபிஏ விட்டு, நடுவில் டிஷ்யூ பேப்பர் கீற்றுகளைச் செருகி ஈரத்தை இழுத்து, மின்விசிறியில் ஒரு இரவு வையுங்கள். கோடுகள் மேல் பிரஷ் போடவே கூடாது. அது வெறும் மை, தேய்த்தால் உரியும்.

காய்ந்த பிறகும் கொத்து எழவில்லை என்றால் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளிக் கோடு கறுத்தோ வெளிறியோ ஓரிடத்தில் அறுந்திருக்கும். மல்டிமீட்டரில் பீப் சத்தத்தை நம்பாதீர்கள். இந்த மைத் தடத்துக்கு மின்தடை உண்டு, நல்ல தடத்திலும் பீப் வராமல் போகலாம். 2 கிலோ ஓம் அளவில் வைத்து, பக்கத்தில் உள்ள நல்ல கோட்டின் எண்ணோடு ஒப்பிடுங்கள். அறுந்த இடத்தில் கண்டக்டிவ் சில்வர் பெயின்ட்டை மெல்லிய கோடாக இழுத்து, முழுதாகக் காய விட்டால் சரியாகும். பக்கத்துக் கோட்டைத் தொட்டால் ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழும். சால்டரிங் அயர்னைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், ஷீட் சுருங்கிவிடும். பென்சில் கரி பூசும் யோசனையும் நிலைக்காது.

ஐநூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கீபோர்டுக்குச் சில்வர் பெயின்ட் வாங்குவது வெட்டிச் செலவு. துடைத்து, கழுவிப் பார்த்து, எழாவிட்டால் புதிது வாங்குங்கள்.

## அறிகுறி 5: தானாகவே தட்டுகிறது

திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடினால் எந்த விசை என்று உடனே தெரியும். எழுத்தே வராத விசை மாட்டிக்கொண்டால்தான் குழப்பம். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் பெரிதும் சிறிதுமாக ஆகிறதா, கன்ட்ரோல் அழுந்தியிருக்கிறது. எல் தட்டியதும் திரை பூட்டிக்கொள்கிறதா, விண்டோஸ் விசை. எல்லாம் பெரிய எழுத்தாக வந்து, கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை என்றால் ஷிப்ட். கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்குப் போகாமல் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலேயே போய் நிற்கிறதா, எஃப் 2 அல்லது டெலீட். விண்டோஸைத் திரும்ப நிறுவப் போகுமுன் இதைப் பாருங்கள்.

தனி கீபோர்டு என்றால் பிடுங்கிவிட்டு அறிகுறி 1, 4ல் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். லேப்டாப் என்றால் யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் சொருகி வேலையைப் பார்க்கலாம். ஆனால் உள்கீபோர்டு நடுவே நடுவே தட்டிக்கொண்டே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அதை நீக்கினால் மறுதொடக்கத்தில் திரும்ப வந்துவிடும். நம்பகமான வழி, பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, கீபோர்டின் ரிப்பன் கேபிளைச் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுவதுதான். சாக்கெட்டின் சின்ன மடல் மேலே எழும்பும் வகையா, வெளியே நகரும் வகையா என்று பார்த்துத் திறக்க வேண்டும். அது ஒடிந்தால் போர்டு வேலையாகிவிடும். பவர் பட்டன் கீபோர்டிலேயே இருக்கும் மாடலில் ரிப்பனைக் கழற்றினால் லேப்டாப்பை ஆன் செய்ய முடியாது, அதை முதலில் கவனியுங்கள்.

## அறிகுறி 6: மொத்தக் கீபோர்டும் சத்தமில்லை

வேறு யுஎஸ்பி போர்ட், பிறகு வேறு கணினி. இரண்டிலும் நம்பர் லாக் விளக்குக்கூட வரவில்லை என்றால் திறந்து கன்ட்ரோலர் போர்டைப் பாருங்கள். கேபிள் மாட்டும் கனெக்டரில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி இருந்தால் டூத்பிரஷில் ஐபிஏ தொட்டுத் தேய்த்து, கனெக்டரை இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டுங்கள். விளக்கு எரிகிறது, எழுத்து மட்டும் இல்லை என்றால் மெம்பரேன் வால் சரியாக உட்காரவில்லை. கன்ட்ரோலர் சிப்பே போயிருந்தால் மெம்பரேன் வகையைத் தூக்கிப் போடலாம். விலை உயர்ந்த மெக்கானிக்கல் என்றால் மட்டும் போர்டு வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 7: லேப்டாப் தானாக ஆன் ஆகிறது, அல்லது ஆன் ஆகவே இல்லை, சார்ஜ் ஏறவில்லை

இங்கே கீபோர்டு வைத்தியம் நின்றுவிட வேண்டும், திரவம் மதர்போர்டுக்கு இறங்கிவிட்டது. சார்ஜர் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள். கடைக்குக் கொண்டுபோய் என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, அதற்குப் பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். "தண்ணிதாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே பால் ஆடை கிடந்தால் அவருக்கு ஒரு நாள் வீண், உங்களுக்குக் கூடுதல் செலவு. போர்டைக் கழற்றி அல்ட்ராசோனிக் மெஷினில் சுத்தம் செய்வார்களா என்று கேளுங்கள். முக்கியமான கோப்புகள் இருந்தால் பழுது பார்க்குமுன் எஸ்எஸ்டியைக் கழற்றி நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சில மாடல்களில் அது போர்டோடு சால்டர் செய்திருக்கும், அப்போது முடியாது.

கீபோர்டு மாற்ற வேண்டும் என்றால் தனி கீபோர்டா, டாப் கவரோடு சேர்த்தா என்று விலை கேட்கும்போதே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பல புதிய லேப்டாப்களில் கீபோர்டு பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி மேல் மூடியோடு பிணைத்திருக்கும். தனி கீபோர்டு மலிவு, ஆனால் அந்தக் குமிழ்களை உடைத்துவிட்டுப் புதியதை மறுபடி உருக்கியோ பசை வைத்தோ பிடிக்க வைப்பார்கள். வேலை சுத்தமாக இல்லை என்றால் தட்டும்போது நடுப்பகுதி அமுங்கும். வாங்கிக்கொள்ளும்போது ஜி, எச் விசைகளை அழுத்திப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

## அறிகுறி 8: காய்ந்து நன்றாக இருந்தது, இரண்டு வாரம் கழித்துக் கெடுகிறது

முதலில் ஒரு விசை, அடுத்த வாரம் இன்னும் இரண்டு என்று பரவினால் உள்ளே மிச்சமிருந்த உப்பும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை இழுத்து அரித்துக்கொண்டிருக்கின்றன. தனி கீபோர்டு என்றால் அறிகுறி 4ன் முழுக் கழுவல்தான் மருந்து. லேப்டாப்பில் இப்படிப் பரவினால், கீபோர்டை மாற்றும்போதே அதற்கு அடியில் உள்ள போர்டையும் ரிப்பன் சாக்கெட்டையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சாக்கெட்டில் பச்சை இருக்கும்போது புதுக் கீபோர்டு போட்டால் அதுவும் சில மாதங்களில் இதே விசைகளில் தடுமாறும்.